புதுப்பிப்பு: கருக்குழாய் அடைப்புக்குக் காரணம் தெரிந்துவிட்டது

போன வருடம் இங்கே எழுதியிருந்தேன்: கல்யாணமாகி நான்கு வருடம், கருமுட்டை மாதாமாதம் வெளியேறுகிறது, கணவருக்கும் குறையில்லை, ஆனால் சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு கருக்குழாயும் அடைப்பு என்று. காரணம் தேடாமலே நேராக ஐவிஎஃப் (கருமுட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்து, உருவான கருவைக் கருப்பையில் வைப்பது) செய்யச் சொன்னார்கள். "இன்னொரு டாக்டரிடம் காட்டு" என்ற அக்காக்களுக்கு நன்றி.

புது டாக்டர் முதலில் கேட்டது, வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்று. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பாட்டிக்கு இருந்தது. லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமரா வழியாக உள்ளே பார்ப்பது) செய்தார்கள், கருப்பை உள்சவ்விலிருந்து சதை எடுத்துச் சோதித்தார்கள். டிபிதான். இருமல், காய்ச்சல் எதுவும் இல்லை. மாதவிடாய் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. நுரையீரலிலிருந்து கிருமி ரத்தம் வழியாகக் கருக்குழாய்க்குப் போய் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்குமாம். அன்று ரொம்ப அழுதேன்.

ஆறு மாத மருந்து, அரசு மருத்துவமனையில் இலவசம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் மூன்று. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள், அதில் ஒரு மருந்தான ரிஃபாம்பிசின் அப்படித்தான். பாதியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

சரி, இப்போதைய நிலை. மருந்து கிருமியைக் கொன்றது, வடுவான குழாயைத் திறக்கவில்லை. கரு ஒட்டி வளரும் உள்சவ்வு நன்றாக இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. ஒரு குழாயில் நீர் தேங்கியிருக்கிறது. அது கருப்பைக்குள் வழிந்தால் கரு ஒட்டும் வாய்ப்பு குறையும் என்பதால் முதலில் அந்தக் குழாயை எடுக்கிறார்கள். ஐவிஎஃப் அதற்குப் பிறகு. தேதி வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.