வாசம் போன பழைய பொம்மைக்கு மறுபடி வாசம் ஏற்றலாமா?

சிப்புட் செல்வி:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் அம்மா வீட்டு அலமாரியைக் காலி செய்யும்போது, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் என் ஸ்ட்ராபெர்ரி ஷார்ட்கேக் பொம்மை, பழவாசம் வைத்துச் செய்தது, கிடைத்தது. பினாங்கு பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் பேக்டரியில் வேலை செய்த சின்னம்மா, 1984 தீபாவளிக்கு வாங்கிக்கொண்டு வந்தது. அப்போது நாங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தோம். அப்பாவின் சட்டையில் கித்தாப் பால் வாடை, வெளியே போனால் புகைக்கூடத்து வாடை. அதற்கு நடுவில் இந்தப் பொம்மையின் சிவப்பு முடியை மூக்கில் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். இப்போது முகர்ந்தால் பாச்சை உருண்டை வாடைதான் வருகிறது. காலும் லேசாகப் பிசுபிசுக்கிறது. பழைய வாசத்தைக் கொண்டுவர வழி இருக்கிறதா?

பழம்பொருள் குணா:
செல்விம்மா, தயவுசெய்து எதையும் ஊற்றாதீர்கள். கென்னர் கம்பெனி 80களில் விட்ட பொம்மை அது. அதில் இருந்த வாசம் போய்விட்டது என்றால் போய்விட்டதுதான். நீங்கள் ஏற்றப்போவது வேறு வாசம். ஈப்போ ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இதே வரிசையில் ஒரு பொம்மை வாங்கினேன். கமகமவென்று இருந்தது, ஏமாந்துவிட்டேன். மூன்று மாதத்தில் கண்ணில் இருந்த பெயிண்ட் குழைந்து கன்னத்தில் இறங்கிவிட்டது. விற்றவர் ஏதோ எண்ணெயைத் தடவியிருக்கிறார். இன்றைக்கும் அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

தாப்பா தேவி:
குணா அண்ணே, உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் இந்தப் பொம்மைக்கு வாசம்தானே உயிர்? புளூபெர்ரி, லெமன், ஆரஞ்சு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசம் வைத்துத்தானே செய்தார்கள்? மூக்கில் வைத்தால் ஒன்றும் வரவில்லை என்றால் அது பாதிப் பொம்மை. நான் என்னுடைய புளூபெர்ரிக்குச் செய்திருக்கிறேன், இப்போதும் நன்றாக இருக்கிறது.
ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன் அக்கா, கேக் எசென்ஸ் பக்கம் போகவே வேண்டாம். முதலில் வேறொரு பொம்மைக்கு ஸ்ட்ராபெர்ரி எசென்ஸைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். அதில் இருந்த சிவப்புச் சாயம் காதுமடலுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. சோப்பு போட்டேன், டூத்பேஸ்ட் போட்டேன், அசையவில்லை. சாயம் மேலே ஒட்டவில்லை, உள்ளேயே ஊறிவிட்டது.

ஈப்போ வாசு:
நான் 22 வருடம் பிளாஸ்டிக் மோல்டிங்கில் வேலை செய்தவன். கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.
இந்த மாதிரி பொம்மையில் மெத்தென்று இருக்கும் பகுதி வினைல், அதாவது பிவிசி. பிவிசி தன்னளவில் விறைப்பான பொருள். அதை மெத்தென்று ஆக்க ஒருவகை எண்ணெயைக் கலப்பார்கள். நாள்பட நாள்பட அந்த எண்ணெய் மேலே கசியும். உங்கள் பொம்மையின் காலில் பிசுபிசுப்பது அதுதான், அழுக்கு இல்லை. உள்ளே கலந்த வாசமும் இப்படித்தான் மெல்ல மெல்ல வெளியேறும். தகரக்கூரை வீட்டுச் சூட்டில் இன்னும் சீக்கிரம்.
எல்லா வாசமும் ஒரே வேகத்தில் போகாது. மூலக்கூறு எடை கூடக்கூட பொதுவாக மெதுவாகத்தான் பறக்கும். பழவாசனைகளில் அடிக்கடி வரும் எத்தில் பியூட்டிரேட்டின் மூலக்கூறு எடை 116தான், சட்டென்று பறந்துவிடும். பச்சௌலி என்ற வாசனைச் செடியின் எண்ணெயில் உள்ள முக்கியமான பொருளுக்கு 222. மேட்டல் கம்பெனி 1985இல் விட்ட ஸ்டிங்கோர் என்ற பொம்மைக்கு இந்தப் பச்சௌலி வாசத்தைத்தான் கொடுத்தார்கள். நாற்பது வருடம் ஆகியும் தேய்த்தால் வாடை வருகிறது என்று வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். (பச்சௌலி என்ற பெயரே நம் 'பச்சிலை'யில் இருந்து போனது என்பார்கள். மலாய்க்காரர்கள் நீலாம் என்பார்கள்.)
ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சின்ன வயதில் ஆரஞ்சுத் தோலை பலூன் பக்கத்தில் பிழிந்து வெடிக்க வைத்திருப்பீர்களே? அதில் உள்ள லிமோனின் ரப்பரையே கரைக்கிறது. தெர்மோகோலையும் கரைக்கும். கண் பெயிண்டை விட்டுவைக்குமா?

பழம்பொருள் குணா:
வாசு சொல்வதெல்லாம் என் பக்கம்தான் பேசுகிறது. உள்ளே இருந்து போனதை வெளியே தடவி எப்படித் திருப்புவது? அது மேல்பூச்சு.
இன்னொன்றும் சொல்கிறேன். நாற்பது வருடம் அந்த அலமாரியில் இருந்த வாடையும் அந்தப் பொம்மையின் கதைதான். அதையும் அழித்துவிட்டுக் கடைவாசம் எதற்கு?

தாப்பா தேவி:
பாச்சை உருண்டை வாடையிலா அண்ணே கதை? அது பொம்மைக்கு வந்த கேடு.

ஈப்போ வாசு:
அதில் தேவி சொல்வது சரி. பாச்சை உருண்டையின் ஆவி சில பிளாஸ்டிக்கை இளகவைக்கும். பழைய சாமான் வைத்திருப்பவர்கள் முதலில் அதை எடுத்து எறிய வேண்டும்.
செல்வி, வாசம் ஏற்றுவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். வாடையை எடுப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணி. தலைக்குள் தண்ணீர் போகக்கூடாது. வெயிலில் காயவைக்காதீர்கள், மஞ்சளாகிவிடும். நிழலில் காற்றாட வையுங்கள். அப்புறம் ஒரு டப்பாவில் அடுப்புக்கரியோடு பத்து நாள்.
வாசம் ஏற்றுவதென்றால் எண்ணெய் பொம்மையைத் தொடவே கூடாது. பெரிய கண்ணாடிப் போத்தலில் மூடி ஒன்றைக் கவிழ்த்து, பொம்மையை அதன்மேல் நிறுத்துங்கள். சோப்புக்குப் போடும் வாசனை எண்ணெய், நிறம் இல்லாதது, இரண்டே சொட்டு பஞ்சில் விட்டு ஓரத்தில் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை திறந்து, பிசுபிசுப்பு கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடினால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

பழம்பொருள் குணா:
ஏன் போத்தல்? நான் எல்லாவற்றையும் ஜிப் பையில்தான் வைத்திருக்கிறேன்.

ஈப்போ வாசு:
மாற்றிவிடுங்கள் அண்ணே. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் ஈவோன் ஷஷூவா என்பவர் பிவிசி சாமான்களை வைத்து ஆராய்ந்திருக்கிறார். மூடிய கண்ணாடிக்குள் எண்ணெய் கசிவது குறைகிறது, பாலித்தீன் பையோ அந்த எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது என்று கண்டார்.

பழம்பொருள் குணா:
இது எனக்குத் தெரியாது. நன்றி வாசு. இன்றைக்கே மாற்றுகிறேன்.
ஆனாலும் வாசம் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். செல்விம்மா, செய்யத்தான் போகிறீர்கள் என்றால் எந்த எண்ணெய், எந்தத் தேதி என்று ஒரு சீட்டு எழுதிப் பொம்மையோடு வையுங்கள். நாளைக்கு யார் கைக்குப் போனாலும் அவர்கள் ஏமாறக்கூடாது.

சிப்புட் செல்வி:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பாச்சை வாடை முக்கால்வாசி போய்விட்டது. காலைக் கழுவினேன், பிசுபிசுப்பு இல்லை. குணா அண்ணன் சொன்னதை யோசித்து, முகத்தையும் உடம்பையும் விட்டுவிட்டேன். தொப்பியையும் கவுனையும் மட்டும் கழற்றிப் போத்தலில் வைத்தேன். துணி நன்றாகப் பிடித்துக்கொண்டது. சீட்டும் எழுதி வைத்துவிட்டேன்.
சின்னம்மாவிடம் கொடுத்தேன். தொப்பியை முகர்ந்து பார்த்து, "இது இல்லைடி, அது இன்னும் இனிப்பா இருக்கும்" என்றார். அப்புறம் பொம்மையின் தலையை உள்ளங்கையில் வைத்து மூடி, கொஞ்ச நேரம் சூடு ஏற்றிவிட்டு முடிக்குள் மூக்கை வைத்தார். "இந்தா, இங்கே இருக்கு பாரு."
நானும் முகர்ந்தேன். வேர் பக்கத்தில், கொஞ்சம்போல இருக்கிறது.

தாப்பா தேவி:
அக்கா, நான் ஏற்றுவதற்கு முன்னால் அப்படிச் சூடு காட்டிப் பார்க்கவே இல்லையே!