மாகம் 11

குழு: நம்ம வீட்டு மக்கள்

நான் (11.40): [படம்] இன்று கொல்கத்தாவில் மாகோத்சவம். பக்கத்து வீட்டு மாஷிமா கூப்பிட்டார், பிதான் சரணியில் இருக்கும் சாதாரண பிரம்ம சமாஜம் என்ற சமய அமைப்பின் கோயிலுக்குப் போய்வந்தேன்.

சித்தி: கோயில் என்கிறாய், சாமியையே காணோமே?

நான்: சிலை கிடையாது சித்தி. ஒரு மேடை, அதற்கு வேதி என்று பெயர். ஆசாரியர் அதில் உட்கார்ந்து உபநிஷதம் சொல்கிறார், பிரார்த்தனை செய்கிறார். நடுநடுவே பாட்டு. தீபாராதனை, அர்ச்சனை எதுவும் இல்லை.

பெரியப்பா: ராம்மோகன் ராய் ஆரம்பித்ததுதானே? உடன்கட்டை ஏறும் வழக்கத்துக்கு எதிராகப் போராடியவர்.

நான்: அவரேதான் பெரியப்பா. 1828 ஆகஸ்டில், சித்பூர் சாலையில் ஒரு வாடகை வீட்டில். சனிக்கிழமை சாயங்காலம் கூடுவார்கள். 1830 ஜனவரி 23-ல் சொந்தக் கட்டடத்துக்கு வந்தார்கள். வங்காளக் கணக்கில் அது மாக மாதம் 11. இன்றைய விழா அந்த நாளுக்குத்தான்.

நான்: அந்தக் கட்டடத்துக்கு அவர் எழுதிவைத்த பத்திரத்தைக் கேளுங்கள். சிலையோ படமோ உள்ளே வரக்கூடாது. உயிர்ப்பலி கூடாது. யார் வேண்டுமானாலும் வந்து கும்பிடலாம். அடுத்தவர் கும்பிடுவதை அங்கே இழிவாகப் பேசக்கூடாது.

அம்மா: கடைசியில் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது.

தம்பி: 1830-லேயே சாதி பார்க்கவில்லையா அக்கா?

நான்: அங்கேதான்டா இடிக்கிறது. வேதம் ஓதியவர்கள் இரண்டு தெலுங்கு பிராமணர்கள். தனி அறையில் உட்கார்ந்து ஓதுவார்கள். பிராமணர் அல்லாதவர் அந்த அறைக்குள் போக முடியாது. மாஷிமா இதை மறைக்காமல் சொன்னார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. எல்லாரும் வரலாம் என்று பத்திரம் எழுதிய இடத்திலேயே ஒரு கதவு சாத்தியிருந்திருக்கிறது.

பெரியப்பா: அப்புறம் யார் திறந்தார்கள்?

நான்: தேவேந்திரநாத் தாகூர், கவிஞர் ரவீந்திரநாத்தின் அப்பா. ஒரு நாள் கிழிந்த சமஸ்கிருதத் தாள் ஒன்று அவர் முன்னால் பறந்து வந்ததாம். அவருக்குப் பொருள் புரியவில்லை. ராமசந்திர வித்யாவாகீசரிடம் காட்டினால், அது ஈசோபநிஷதத்தின் முதல் வரி. இருப்பதெல்லாம் இறைவனால் நிறைந்தது என்று. மனுஷன் அதிலேயே கரைந்துபோய்விட்டார். 1843 டிசம்பரில் 20 பேரோடு தீட்சை எடுத்தார். ஒளித்து ஓதுவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

நான்: வேதத்தில் என்னதான் இருக்கிறது என்று படித்துவர நாலு மாணவர்களைக் காசிக்கு அனுப்பினார். அலசிப் பார்த்த பிறகு, வேதம் பிழையே இல்லாதது என்ற கொள்கையையே விட்டுவிட்டார்கள். அதிலிருந்து எந்த நூலும் கேள்விக்கு அப்பாற்பட்டதில்லை. உருவமில்லாத ஒரே கடவுள், அவ்வளவுதான். அவதாரம் கிடையாது, நடுவில் தரகர் கிடையாது.

சித்தி: மறுபிறவி?

நான்: நம்பித்தான் ஆகவேண்டும் என்று இல்லை சித்தி.

தம்பி: சாதாரண என்றால் என்ன? சிறப்பு பிரம்ம சமாஜம் வேறு இருக்கிறதா?

நான்: இங்கே பொதுமக்களுடையது என்று பொருள். அது ஒரு வருத்தமான கதை. வேதியில் உட்காருபவர் பூணூல் போடக்கூடாது என்று சமாஜத்தின் இளம் தலைவர் கேசவ சந்திர சேனும் இளைஞர்களும் நின்றார்கள். தேவேந்திரநாத் மெல்லப் போகலாம் என்றார். 1866-ல் பிரிந்தார்கள். கேசவர் பாடுபட்டு 1872-ல் திருமணச் சட்டம் வந்தது. பெண்ணுக்கு 14, பையனுக்கு 18 ஆகவேண்டும். ஆனால் 1878-ல் தன் மகளுக்கு 14 முடிவதற்குள் கூச்பெஹார் அரசருக்குக் கட்டிக்கொடுத்தார்.

அம்மா: அவரா? எப்படி மனசு வந்தது?

நான்: கூட இருந்தவர்களும் அதைத்தான் கேட்டார்கள் அம்மா. சிவநாத சாஸ்திரி, ஆனந்தமோகன் போஸ் எல்லாரும் வெளியே வந்தார்கள். தலைவர் என்றும் பார்க்கவில்லை. அந்த வருஷம் மே 15-ல் ஆரம்பித்ததுதான் இன்று நான் போன சமாஜம். இனி ஒருவர் சொல்லுக்கு எல்லாரும் கட்டுப்படுவதில்லை, ஓட்டுப் போட்டுத்தான் முடிவு என்று வைத்தார்கள்.

பெரியப்பா: கேசவர் 1864-ல் சென்னைக்கும் வந்து பேசியிருக்கிறார். அந்த வருஷமே இங்கே வேத சமாஜம் தொடங்கியது. ஸ்ரீதரலு நாயுடு 1871-ல் அதைத் தென்னிந்திய பிரம்ம சமாஜமாக மாற்றினார்.

அம்மா: சரி, நான் அங்கே வந்தால் உள்ளே விடுவார்களா?

நான்: என் பெயரைக்கூடக் கேட்கவில்லை அம்மா. வாசலில் தயங்கி நின்றேன். ஒரு பெரியவர் தள்ளி உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார்.

அம்மா: அடுத்த மாகத்துக்கு வருகிறேன். மாஷிமாவுக்கு முறுக்கு பிடிக்குமா, கேட்டுச் சொல்.