டியூக் லக்ராஸ் வழக்கு: அமெரிக்கச் சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

நண்பர்களே, சட்டக் கல்லூரி கருத்தரங்குக்காக 2006 டியூக் பல்கலைக்கழக லக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்தாடும் விளையாட்டு) அணி வழக்கைப் படிக்கிறேன். வட கரோலினாவின் டர்ஹம் நகரில் மூன்று மாணவ வீரர்கள் மேல் பொய்யான பாலியல் வன்முறைப் புகார். அதில் ஒரு பையன் சம்பவம் நடந்ததாகச் சொன்ன நேரத்தில் ஏடிஎம்மில் நிற்கிற படம் கேமராவில் இருந்தும் வழக்கு ஓடியது! டிஎன்ஏ முடிவை மறைத்த அரசு வக்கீல் மைக் நிஃபாங் 2007-ல் உரிமம் இழந்தார். ஜெயில் என்னவோ ஒரே ஒரு நாள்தான்.

என் சந்தேகம் இதுதான். வீரர்கள் டர்ஹம் நகரத்தின் மேல் போட்ட வழக்கில், 2014 சமரசத்தில் நகரம் அவர்களுக்குக் காசு தரவில்லை. அதற்குப் பதிலா, நிரபராதிகள் தண்டிக்கப்பட்டார்களா என்று ஆராயும் ஒரு மாநில ஆணையத்துக்கு 50,000 டாலர் கொடுத்தது. நஷ்ட ஈடு கேட்பது அங்கே அவ்வளவு கஷ்டமா? அங்கே வக்கீலாக இருப்பவர்கள் விளக்குங்களேன். நிஃபாங் மீதான பார் (வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) விசாரணை உத்தரவு பிடிஎஃப்பாக இருந்தால் அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை பேசணும்.