புதுப்பிப்பு: தொண்டி முதல் அரிச்சல்முனை வரை, அம்மா அப்பாவோடு போய் வந்தோம்

வயதான அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்த வரிசையில் போகலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"தனுஷ்கோடியைக் கடைசி மாலைக்குத் தள்ளாதீர்கள், ராமேஸ்வரத்தில் தங்கி விடிந்ததும் போங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. வெயில் ஏறுமுன் தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனையில் இருந்தோம். 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடித் தேவாலயச் சுவரில் பவளக்கல்லின் துளைகளை அப்பா விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அதற்கு முன் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகும்போது சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் பென்சில் நட்டதுபோல் நிற்கின்றன. தண்ணீர் குறைவாக இருந்ததால் படகுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது, கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நடைமேடை இருப்பதால் நவபாஷாணத்தை, அதாவது கடலுக்குள் இருக்கும் நவக்கிரகக் கற்களை, அம்மாவும் சிரமமில்லாமல் சுற்றி வந்தார்.

பாம்பன் சாலைப் பாலத்திலிருந்தே 2025-இல் திறந்த புதிய ரயில் பாலம் நன்றாகத் தெரிகிறது. அங்கே வண்டியை நிறுத்தி நெரிசலை உண்டாக்க வேண்டாம். அந்த நேரத்தைக் குந்துகாலுக்குக் கொடுங்கள். 1897-இல் விவேகானந்தர் கரையிறங்கிய இடம், கூட்டமே இல்லை.

எதிர்பாராதது காற்று. தனுஷ்கோடிச் சாலையில் மணல் ஏறிக் கிடந்தது, பைக்கில் போகிறவர்கள் கவனம். அரிச்சல்முனை நோக்கிப் போகும்போது, கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் வலப்பக்க மன்னார் கடல் கொந்தளிக்கும், வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் இடப்பக்கக் கடல். எந்தப் பக்கமும் குளிக்க இறங்காதீர்கள், நீரோட்டம் பொல்லாதது.