ஏரியா 51 எல்லைவரை காரில் போகலாமா? வேலியே இல்லை என்கிறார்களே, உண்மையா?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குக் குடும்பத்தோடு லாஸ் வேகாஸ் போகிறோம். பையனுக்குப் பத்து வயது, விமானம் என்றால் உயிர், எஸ்ஆர்-71 உளவு விமான மாடல் ஒன்றை ஒரு மாதம் உட்கார்ந்து ஒட்டி முடித்திருக்கிறான். அந்த ரக விமானங்களைச் சோதித்த, நெவாடா பாலைவனத்தில் இருக்கும் விமானப்படையின் ரகசியத் தளமான ஏரியா 51-ன் வாசலையாவது காட்டு என்று விடாமல் கேட்கிறான். வரைபடத்தில் பார்த்தால் க்ரூம் லேக் ரோடு நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து நேராக உள்ளே போகிறது, வேலி மாதிரி எதுவும் கண்ணில் படவில்லை. அவ்வளவு ரகசியமான இடத்துக்கு வேலி இல்லாமலா இருக்கும்? தெரியாமல் தாண்டிவிட்டால் என்ன ஆகும்? நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன், கவலை அதுதான். போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாலைக்காற்று:
நான் மூன்று வருடம் முன்பு நண்பர்கள் இரண்டு பேரோடு போனேன். வேலி விஷயம் உண்மைதான், எல்லையின் பெரும்பகுதியில் வேலி கிடையாது. ஆனால் தெரியாமல் தாண்டுவது கஷ்டம், பயப்படாதீர்கள்.

நெடுஞ்சாலை 375-லிருந்து பிரிந்தால் 13 மைல் போல வெறும் மண்ரோடு. இருபக்கமும் ஜோஷுவா மரங்கள், அதற்கப்புறம் மலை, வேறு ஒன்றும் இல்லை. நாங்கள் போன அன்று காற்றே இல்லை. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் நாங்கள் கிளப்பிய புழுதி அடங்காமல் நெடுஞ்சாலைவரை ஒரு நீளச் சுவர் மாதிரி அப்படியே நிற்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் எந்த மேட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் நாங்கள் வருவது அரைமணி நேரம் முன்பே தெரிந்திருக்கும். இந்த வெட்டவெளியே அவர்களுக்குப் பாதிக் காவல் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எல்லையில் ரோட்டின் இரண்டு ஓரத்திலும் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன, தாண்டாதே, படம் எடுக்காதே என்று. அங்கிருந்து ஆரஞ்சு நிறக் கம்பங்கள் இடைவெளிவிட்டு மலைச்சரிவில் ஏறிப்போகின்றன, அந்தக் கம்ப வரிசைதான் எல்லை. ஒரு உயரமான கம்பத்தில் கேமரா. பக்கத்து மேட்டில் ஒரு வெள்ளை பிக்கப் நின்றிருந்தது, முன்கண்ணாடியில் வெயில் மின்னியதால்தான் கவனித்தோம். யாரும் இறங்கவில்லை, ஒரு ஹாரன்கூட இல்லை. நாங்கள் இருந்த இருபது நிமிடமும் அது அசையவே இல்லை, எங்கள் இன்ஜினையும் அணைத்துவிட்டதால் என் மூச்சு எனக்கே கேட்டது. நாங்கள் கிளம்பி ஒரு மைல் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது மேடு காலியாக இருந்தது.

வண்டியில் இருப்பவர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் காவலர்கள், ராணுவ வீரர்கள் இல்லை. தாண்டினால் உங்களைப் பிடித்து வைத்துவிட்டு லிங்கன் கவுண்டி ஷெரிஃபுக்கு, அதாவது உள்ளூர்ப் போலீசுக்குத் தகவல் சொல்வார்கள், அப்புறம் வழக்கு, அபராதம். விசாவைப் புதுப்பிக்க இந்தியா போய் பாஸ்போர்ட்டில் ஸ்டாம்பிங் செய்யும்போது, எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா என்று படிவத்திலேயே கேட்கிறான், அங்கே ஆமாம் என்று எழுத வேண்டிவரலாம். பலகைக்கு நூறு அடி முன்னாலேயே வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு நடந்துபோய்ப் பாருங்கள், போதும்.

அலைவரிசை:
புழுதியை மட்டும் நம்பி அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரோட்டோரத்தில் மண்ணுக்குள் உணர்கருவிகளைப் புதைத்து வைத்திருந்தார்கள், வண்டி கடந்தால் ரேடியோவில் சின்ன சமிக்ஞை போகும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், எல்லைக்கு உள்ளே மட்டுமில்லை, யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்கிற பொதுநிலத்திலும் இவை இருந்தன. பக்கத்திலிருக்கும் ரேச்சல் கிராமத்தில் வசித்த ஒருவர், அலைவரிசை காட்டும் கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்தார். அந்தக் கருவி செய்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும், பழைய ரேடியோ ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், ரொம்ப எளிமையானது. 2003-ல் எஃப்பிஐ அவர் வீட்டைச் சோதனை போட்டது, தகவல்தொடர்புக்கு இடையூறு செய்தார் என்று வழக்கும் வந்தது. பொதுநிலத்தில் என் கார் போவதை யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நான் இன்றுவரை ஏற்கவில்லை. ஆனாலும் மண்ணில் ஏதாவது ஒயர் நீட்டிக்கொண்டிருந்தால் பையனைத் தொடவிடாதீர்கள்.

மலைமுகடு:
இந்த இடத்தின் எல்லையைப் பற்றிப் பேசும்போது அது நகர்ந்துகொண்டே வந்ததைச் சொல்லாமல் விட முடியாது, எனக்கு அதுதான் முக்கியம். க்ரூம் லேக் என்ற வறண்ட ஏரிப் படுகையில் தளம் தொடங்கியது 1955-ல், யு-2 உளவு விமானத்துக்காக. 1984-ல் க்ரூம் மலைத்தொடரைச் சுற்றி 89,000 ஏக்கர் பொதுநிலத்தை விமானப்படை அடைத்தது, அதுவும் சட்ட அனுமதி கைக்கு வருவதற்கு முன்பே ஆட்களை நிறுத்திப் போகிறவர்களைத் திருப்பி அனுப்பியது. அப்படியும் ஒயிட் சைட்ஸ், ஃப்ரீடம் ரிட்ஜ் என்று இரண்டு உயரமான இடங்கள் வெளியே தப்பிவிட்டன. அங்கே ஏறினால் ஓடுபாதையும் கொட்டகைகளும் தெரியும். 90-களில் ஆட்கள் தொலைநோக்கியோடு ஏற ஆரம்பித்தார்கள். 1995-ல் கிட்டத்தட்ட 4,000 ஏக்கரை எடுத்து அந்த இரண்டையும் மூடிவிட்டார்கள்.

இப்போது மிச்சமிருப்பது டிக்காபூ சிகரம் மட்டும்தான், தளத்திலிருந்து சுமார் 26 மைல். நான் ஒரு அக்டோபரில் ஏறினேன். ஒரு மணிநேரத்துக்கு மேல் செங்குத்தான ஏற்றம், சரளைக்கல் காலுக்கடியில் வழுக்கும், உச்சியில் போய்த் தொலைநோக்கி வைத்தால் வெப்பக்காற்றில் கட்டடங்கள் நெளிகின்றன. சின்னப் பையனோடு வேண்டாம்.

மேலே இருந்து பார்ப்பவனுக்கு இந்த எல்லையெல்லாம் ஒன்றுமில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. சோவியத் செயற்கைக்கோள் கடக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, அதற்குள் விமானங்களைக் கொட்டகைக்குள் தள்ளிவிடுவார்களாம், அங்கே வேலை செய்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அப்படி இருந்தும் 1974-ல் ஸ்கைலேப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்தின் வீரர்கள் அந்த இடத்தைப் படம் எடுத்துவிட, அதை வெளியிடலாமா கூடாதா என்று அரசுத் துறைகளுக்குள் பெரிய வாக்குவாதம் ஆனது. அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று சிஐஏ ஆவணத்தில் பெயர் சொல்லி வெளிவந்ததே 2013-ல்தான்.

உங்கள் பையனிடம் ஒன்று சொல்லுங்கள். க்ரூம் லேக்கில் 1962-ல் முதன்முதலாகப் பறந்த உளவு விமானம் ஏ-12, அவன் ஒட்டிய எஸ்ஆர்-71-க்கு அது அண்ணன் முறை.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி. ஏ-12 என்றதும் பையன் உடனே அதன் படத்தைத் தேடிப்பிடித்து மூக்கு வித்தியாசத்தை எனக்கு விளக்க ஆரம்பித்துவிட்டான். இன்னொரு கேள்வி. 2019-ல் ஃபேஸ்புக்கில் கூட்டம் கூட்டி உள்ளே ஓடுவோம் என்றார்களே, அப்போது சுட்டார்களா? பலகையில் சுடுவோம் என்று இருக்கிறதென்று மனைவி எங்கோ படித்துவிட்டுப் பயப்படுகிறாள்.

பாலைக்காற்று:
அதில் யாரையும் சுடவில்லை. 20 லட்சம் பேர் வருகிறேன் என்று அழுத்தினார்கள், செப்டம்பர் 20 அன்று வாசல்வரை போனவர்கள் நூற்றைம்பது பேர் இருக்கலாம், ஒருசிலர் கைதானார்கள், அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் மனைவியின் பயத்தைத் தள்ளிவிட வேண்டாம். அதே 2019 ஜனவரியில், ஏரியா 51-ஐ ஒட்டியிருக்கும் பழைய அணுகுண்டுச் சோதனைத் தளத்தில், மெர்குரி என்ற ஊர்ப் பக்கத்து வாசலில் நிற்காமல் ஒருவர் காரை ஓட்டிப்போனார். எட்டு மைல் துரத்திப் பிடித்தார்கள், கையில் ஏதோ உருளை மாதிரி ஒன்றோடு இறங்கி அவர்களை நோக்கி வந்தார், சொன்னதைக் கேட்கவில்லை, சுட்டதில் இறந்துபோனார். சும்மா நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை அவர்கள் தொடுவதில்லை. நிற்கச் சொல்லியும் நிற்காமல் போனால் கதை வேறு.

கார் கேமரா இருந்தால் மண்ரோட்டில் இறங்கும்போதே அணைத்துவிடுங்கள். டிரோன் கொண்டுபோகவே வேண்டாம், அந்த வான்வெளி தரையிலிருந்தே தடைசெய்யப்பட்டது. வழியில் அலமோ ஊரில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். நவம்பரில் சீக்கிரம் இருட்டிவிடும், மூன்று மணிக்குள் பலகையை விட்டுக் கிளம்பிவிடுங்கள், அந்த ரோட்டில் மாடுகள் குறுக்கே படுத்திருக்கும்.