கல்லூரி முதல்வரா, கும்பகோணத்து வாத்தியாரா?

குடமுருட்டி:
ஐப்பசியில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் சோழர் வரலாறு தொடங்குகிறோம். முதலில் யாரைப் படிப்பது என்பதில் சண்டை. என் ஓட்டு நீலகண்ட சாஸ்திரிக்கு. கல்லிடைக்குறிச்சிக்காரர்தான், ஆனால் 1920களில் சிதம்பரம் மீனாட்சி கல்லூரிக்கு முதல்வர். 1929இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். நம் சாக்கோட்டை கிருஷ்ணசாமி அய்யங்கார் இருந்த அதே நாற்காலி. 1935இல் 'சோழர்கள்' முதல் தொகுதி வந்துவிட்டது. கல்வெட்டு அறிக்கைகளில் துண்டு துண்டாகக் கிடந்ததைக் கோத்துக் கதையாக்கியவர் அவர்.

புறம்பயத்தான்:
அண்ணே, எங்கள் ஊரை மறந்துவிட்டீர்களே. சதாசிவப் பண்டாரத்தாரும் அதே 1892இல் பிறந்தவர்தான், திருப்புறம்பயத்தில். கும்பகோணம் பாணாதுறைப் பள்ளியில் தமிழ் வாத்தியார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டது 1942இல், ஐம்பது வயதில். 'பிற்காலச் சோழர் வரலாறு' தமிழிலேயே எழுதியது. சாஸ்திரியோ, வரலாறு எழுதத் தமிழைவிட ஆங்கிலம்தான் தமக்குத் தோது என்று 1915 வாக்கில் எழுதி, பாரதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். தாய்மொழியில் வரலாறு வேண்டும் என்று அந்தப் பேச்சைக் கிளப்பிய வங்காள வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்கார் பின்னாளில் கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தரே ஆனார். பெரிய பதவிக்குத் தாய்மொழி ஒன்றும் தடையில்லை.

குடமுருட்டி:
இருபத்துமூன்று வயதில் சொன்னதை எத்தனை காலம் சுமப்பார் தம்பி? ஆங்கிலத்தில் எழுதியதால்தான் லண்டன்காரனுக்கும் ராஜேந்திரனைத் தெரிந்தது. சர்க்கார் பெரிய புத்தகங்களை எந்த மொழியில் எழுதினார் என்றும் பாருங்கள். ஆங்கிலம்தான்!

வெண்ணாற்றங்கரை:
மொழிச் சண்டையை விடுங்கள், வழக்குக்கு வாருங்கள். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை. போன தையில் காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி கோயிலுக்குப் போயிருந்தேன். டார்ச்சை நேராக அடித்தால் வெறும் கல். சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழுந்து நிற்கிறது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பேர் போட்டு, துரோகிகள் என்று வெட்டியிருக்கிறார்கள். அவர்கள் உறவுமுறையார் சொத்துவரை பறிமுதல். கல்வெட்டின் காலம், ராஜராஜன் ஆட்சியின் 2ஆம் ஆண்டு. அதாவது கொலைக்குப் பின் அரசுக்கு வந்த உத்தம சோழன் பதினைந்து வருஷம் போல ஆண்டு முடித்த பிறகு! அதனால் சாஸ்திரிக்கு உத்தமன்மேலேயே சந்தேகம். பண்டாரத்தார் மறுக்கிறார்: உத்தமனுக்குக் கொலையில் பங்கு இருந்திருந்தால், அருண்மொழி, அதாவது பின்னாளைய ராஜராஜன், அவனிடம் அரசை விட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பானா என்பது அவர் கேள்வி.

புறம்பயத்தான்:
அக்கா சரியாகப் பிடித்தீர்கள். அரண்மனைச் சூழ்ச்சி என்று முடிக்காமல் ஆட்களின் மனசைப் பார்க்கிறார்.

குடமுருட்டி:
அதுதான் எனக்கு உதைக்கிறது. மனசைக் கல்லில் எங்கே வெட்டியிருக்கிறான்? நல்லவன் செய்திருக்க மாட்டான் என்பது சாட்சியமா? இத்தனை வருஷம் ஏன் தண்டனை இல்லை என்ற கேள்வியையாவது சாஸ்திரி நேராகக் கேட்டார்.

வெண்ணாற்றங்கரை:
கேட்டார், சரி. ஆனால் தண்டனை தாமதமானதாலேயே உத்தமன் குற்றவாளி என்பதும் ஊகம்தானே அண்ணா? இரண்டு பேரும் ஒரே கல்லைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குடமுருட்டி:
சாஸ்திரியை நான் விடுவதாக இல்லை. ஆனால் முதல் கூட்டத்துக்கு இந்தக் கொலை அத்தியாயம் மட்டும், இரண்டு புத்தகத்திலிருந்தும் நகல் எடுத்து வருகிறேன். தம்பி, உடையார்குடிக்கு ஒரு வேன் பேசி வையுங்கள். அக்கா அந்த டார்ச்சோடு வரட்டும்.