காரை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா?

நண்பர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். வேலைக்கு மெட்ரோவிலும் பஸ்ஸிலும்தான் போய்வருகிறேன். கார் வாரத்தில் 5 நாள் தூசி படிந்து நிற்கிறது. போன மாதம் பேட்டரியே இறங்கிவிட்டது. ஓட்டாவிட்டாலும் இன்சூரன்ஸ், பார்க்கிங் வாடகை, சர்வீஸ் எதுவும் நிற்பதில்லை. வருடம் ஏற ஏற மறுவிற்பனை விலையும் இறங்குகிறது. பெட்ரோல் மட்டும்தான் செலவு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், என் கணக்கு அப்படி!

விற்கலாம் என்றால் அம்மாவுக்கு முழங்கால் வலி, பஸ் படி ஏற முடியாது. நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தால்?

காரை விற்றுவிட்டு, வயதானவர்களையும் வைத்துக்கொண்டு சமாளிக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அவசரத்துக்கு டாக்சியை நம்ப முடிகிறதா? மாதம் எத்தனை கிலோமீட்டருக்குக் கீழே ஓடினால் கார் வீண் என்று கணக்குப் போட்டவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.